முருகன்கிட்ட கேட்ட சம்பளத்தை மேனேஜர்கிட்ட கேட்டியா தம்பி?

ஓம் சரவணபவ!



போன கிருத்திகைக்கு மறுநாள் நம்ம குழுவில் இருக்கிற ஒரு தம்பி எனக்குத் தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. நாலு வருஷ அனுபவம். "அண்ணா, ஒன்பது செவ்வாய்க்கிழமை விரதம் இருந்து விளக்கு போட்டேன். இந்த வருஷமும் ஹைக் ஆறு பர்சன்ட்தான் வந்துச்சு. கூட இருக்கிறவன் கம்பெனி மாறி டபுள் வாங்குறான். எனக்கு அதிகமா வேணும்னு நினைக்கிறது பேராசையாண்ணா? முருகன் அதனாலதான் குடுக்க மாட்டேங்கிறாரா?"

நான் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "உன் மேனேஜர்கிட்ட கேட்டியா தம்பி?"

ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்தது: "இல்லண்ணா. எப்படிக் கேக்கறது? ஒரு மாதிரி கூச்சமா இருக்கு."

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவனுக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. நம்ம குழுவில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து சம்பாதிக்கிறவங்க. எனக்கும் இதே கூச்சம் இருந்தது. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொன்னால்தான் நான் சொல்ல வருவது புரியும். கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஓமலூர் பக்கம். ஓமலூரிலிருந்து தாரமங்கலம் போகிற வழியில் வீடு. அப்பா தறிக்காரர், பட்டு நெய்கிறவர். நான் 2018-ல் படிப்பை முடித்து பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வருஷத்துக்கு 3.3 லட்சம். அப்பா பட்டு நெய்து படிக்க வைத்தார், நான் தினமும் சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் நின்னேன். பட்டுக்கும் எங்க குடும்பத்துக்கும் விட்டகுறை தொட்டகுறை போல!

2022 ஆரம்பத்தில் என் சம்பளம் 5.8 லட்சம். அந்த நேரத்தில் சந்தை எப்படி இருந்தது என்று வேலையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கம்பெனிக்கும் ஆள் வேணும். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்கள் விகிதம் 28.4 சதவீதம். டிசிஎஸ்ஸில் அதே வருஷம் செப்டம்பரில் 21.5 சதவீதம். நாலைந்து பேரில் ஒருத்தர் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார். எங்க டீமில் எனக்குக் கீழே புதுசாக வந்த தம்பிக்கு 9 லட்சம். அவனுக்கு கோடு சொல்லிக் கொடுத்ததே நான்தான். அது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தேன். ரூமில் வேல் வைத்து, ஆறு நெய் விளக்கு ஏற்றி, "முருகா, இந்த ஏப்ரலில் நல்ல ஹைக் குடுப்பா" என்று கேட்டேன். ஏப்ரல் வந்தது. ஏழு சதவீதம் வந்தது.

அடுத்து வெளியே இன்டர்வியூ போனேன். ஒரு கம்பெனியில் மூன்று ரவுண்டும் தாண்டிவிட்டேன். ஹெச்ஆர் போன் பண்ணி, "கரண்ட் சிடிசி எவ்வளவு, வேற ஆஃபர் கையில இருக்கா?" என்று கேட்டாங்க. 6.2 என்று சொன்னால் எட்டுக்கு மேல் தரமாட்டார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். வாய் தானாகச் சொன்னது: "இன்னொரு ஆஃபர் இருக்கு மேடம். பதினாலு."

"நல்லது. அந்த ஆஃபர் லெட்டரை மெயில் பண்ணுங்க. நாங்க மேட்ச் பண்ணப் பார்க்கிறோம்."

அவ்வளவுதான். ரூம்மேட் சிரித்துக்கொண்டே, "இதுக்கா முழிக்கிற? என்கிட்ட ஒரு லெட்டர் இருக்கு, பேரையும் நம்பரையும் மாத்து, பிடிஎஃப் ஆக்கு" என்றான். அவன் அப்படித்தான் மாறியிருந்தான். வியாழக்கிழமை ராத்திரி இருபது நிமிஷத்தில் அந்த பிடிஎஃப் தயார். பார்க்க அசலாகவே இருந்தது. திங்கட்கிழமை காலையில் அனுப்பிவிடலாம் என்று லேப்டாப்பில் சேமித்துவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ் ஏறினேன்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது முழிப்பு வந்தது. மனசு உறுத்தியது என்று எழுதினால் நல்லா இருக்கும். உண்மை அது இல்லை. பதினாலு லட்சத்தில் மாசம் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அப்பா நெய்து முடித்த சேலையைக் கொடுக்க முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். வண்டியில் நான் கூட்டிப் போனேன்.

பட்டுத்தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூலிக்கு நெய்கிறவருக்குப் பட்டு சொந்தம் கிடையாது. பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி எடை போட்டுத்தான் தருவார். சேலை முடிந்ததும் அதையும் எடை போட்டு வாங்குவார். கொடுத்த எடையும் வந்த எடையும் கணக்காக இருக்கணும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி.

அப்பா சேலையைத் தராசில் வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து, அதில் இருந்த அறுந்த நூல், நுனி நூல் எல்லாவற்றையும் கொட்டி அதையும் தராசில் வைத்தார். ஒரு கைப்பிடிகூட இருக்காது. முதலாளி, "அது கெடக்கட்டும்ங்கண்ணா" என்றார். அப்பா, "இருக்கட்டும்ங்க, கணக்குல வரட்டும்" என்றார்.

அதே மூச்சில் அடுத்த வார்த்தையும் கேட்டார். "முதலாளி, இந்த டிசைனுக்கு வேலை ஜாஸ்தி. நாலு நாள்ல முடியறது ஆறு நாள் ஆகுது. சேலைக்கு 200 ரூபா சேர்த்துக் குடுங்க."

குரல் இறங்கவே இல்லை. துண்டைக் கக்கத்தில் சுருட்டவில்லை. 'தப்பா நெனச்சுக்காதீங்க' என்றுகூட ஆரம்பிக்கவில்லை. முதலாளி யோசித்து, "நூறு சேர்த்துக்கலாம்ங்கண்ணா. தீபாவளி முடிஞ்சதும் மிச்சத்தைப் பேசலாம்" என்றார். அப்பா, "சரிங்க, தீபாவளி முடிஞ்சு ஞாபகப்படுத்துறேன்" என்றார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "ஏப்பா, அது வேஸ்ட் நூல்தானே? அதை எதுக்குக் கட்டி எடுத்துட்டு வர்றீங்க?"

அப்பா பின்னாடி உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கு. "வேஸ்ட்டா இல்லையான்னு அவரு சொல்லணும் கண்ணு, நூல் அவருது. கூலி எவ்வளவுன்னு நாம சொல்லணும், உழைப்பு நம்முது."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நல்லவேளை.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது மொத்தமும் அந்த ஒரு பேச்சில் இருக்கு. அப்பா கேட்க வெட்கப்படவில்லை, எடுக்க வெட்கப்பட்டார். நான் நேர் தலைகீழ். நியாயமான சம்பளத்தை வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டேன், பொய்யாக ஒரு கடிதம் தயார் பண்ண வெட்கப்படவில்லை. நம்ம தலைமுறையில் நிறையப் பேருக்கு இந்த வெட்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கு. அதிகமாகக் கேட்டால் பேராசைக்காரன் என்று நினைப்பார்களோ என்று பயம். ஆனால் பேஸ்லிப்பில் ஒரு நம்பரை மாற்றுவது 'எல்லாரும் பண்றதுதானே'. வராத ப்ராஜெக்டை ரெஸ்யூமேயில் எழுதுவது 'சும்மா ஒரு பில்டப்'. இன்டர்வியூவில் பக்கத்தில் வேறு ஒருத்தனை உட்கார வைத்து பதில் சொல்வது 'ஹெல்ப்'.

கேட்பது பேராசை என்று நம்ம சாமியே சொல்லவில்லை. கந்தபுராணத்தைப் பாருங்க. சூரபத்மன் தேவர்களைச் சிறை வைத்திருந்தான், இந்திரன் மகன் ஜயந்தனும் உள்ளே. முருகப்பெருமான் கையில் வேல் இருக்கு. எடுத்த எடுப்பில் எறிந்திருக்கலாம். ஆனால் திருச்செந்தூரில் தங்கி, முதலில் வீரபாகுவை மகேந்திரபுரிக்குத் தூது அனுப்பினார். 'தேவர்களை விட்டுவிடு' என்று நேராகக் கேட்கச் சொன்னார். வீரபாகு சபைக்குள் போனபோது உட்கார இடம் தரவில்லை. முருகன் அருளால் அங்கேயே ஒரு சிங்காசனம் வந்து சேர்ந்தது, அதில் அமர்ந்துதான் வீரபாகு பேசினார் என்று புராணம் சொல்கிறது. இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியாயத்தைக் கேட்கப் போகிறவன் நின்று கெஞ்ச வேண்டியதில்லை, உட்கார்ந்து பேசலாம் என்பது முருகனே செய்து காட்டியது. தறி நெய்கிற செங்குந்தர் குடும்பங்களில் வீரபாகுவையும் நவவீரர்களையும் தங்கள் முன்னோர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. சூரசம்ஹாரத்தில் நவவீரர் வேஷம் கட்டுவதும் உண்டு. அப்பா அன்னைக்கு முதலாளி வீட்டில் பேசிய தோரணை அங்கேயிருந்து வந்ததோ என்னவோ.

(உங்க மேனேஜரை சூரபத்மன் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாருக்காவது தோன்றினால் அது அவரவர் அனுபவம்!)

ஆக, கேட்பது தப்பில்லை. அது மட்டுமில்லை, கேட்காமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்றும் பார்க்கணும். அமெரிக்காவில் நடந்தது ஒன்று. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி மாதிரி பெரிய கம்பெனிகள் 'உன் ஆளை நான் கூப்பிட மாட்டேன், என் ஆளை நீ கூப்பிடாதே' என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். இதனால் எங்கள் சம்பளம் உயராமல் போனது என்று ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் அந்த நாலு கம்பெனிகளும் சேர்ந்து 415 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. சுமார் 64,000 ஊழியர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற டெவலப்பர்களுக்கே இந்த நிலைமை. நம்ம ஊரில் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பது பத்து வருஷத்துக்கும் மேலாக மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றி வருகிறது. அரிசி, வாடகை, பஸ் டிக்கெட் எதுவும் அங்கேயே நிற்கவில்லை. இதைக் கேட்காமல் இருப்பதற்குப் பக்தி என்றோ அடக்கம் என்றோ பேர் வைக்காதீங்க.

"அப்போ கம்பெனிகளே இப்படி இருக்கும்போது நாம மட்டும் ஏன் நேர்மையா இருக்கணும்?" இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று சொல்லிக் காத்திருக்க வைத்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர்கிறீர்களா என்று கேட்டது செய்தியில் வந்தது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. கம்பெனிக்கு லாபம் என்றால் நம்மை விட யோசிக்காது. அதனால் நாமும் கம்பெனியை விட்டுப் போக யோசிக்க வேண்டியதில்லை.

விசுவாசம் வேறு, நேர்மை வேறு. இதை நாம போட்டுக் குழப்பிக்கிறோம். கம்பெனிக்கு ஆயுசு முழுக்க விசுவாசமாக இருக்கணும் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அதிகக் கூலி கிடைக்கிற இடத்துக்குப் போவது உழைக்கிறவன் உரிமை. அப்பாவே இரண்டு முறை முதலாளி மாறியிருக்கார். ஆனால் இரண்டு முறையும் தறியில் ஏறியிருந்த பாவை நெய்து முடித்து, வாங்கிய முன்பணத்தை அம்மாவின் தோடு வைத்தாவது அடைத்துவிட்டுத்தான் மாறினார். பாவை அறுத்துவிட்டுப் போகவில்லை. போவது உரிமை. போகும்போது அடுத்தவன் நூலை எடுக்காமல் போவது தர்மம். கம்பெனி தர்மம் தவறினால் அந்தக் கம்பெனியை விட்டுப் போகலாம், சட்டப்படி கேட்கலாம், நாலு பேரிடம் சொல்லலாம். நம்ம கையைக் கறையாக்கிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இதை வைத்துப் பார்த்தால் தம்பிகள் என்னிடம் கேட்கிற பல கேள்விகளுக்குப் பதில் சுலபம்.

இரண்டு ஆஃபர் கையில் வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. அவர்களும்தான் ஒரு இடத்துக்குப் பத்துப் பேரைப் பார்க்கிறார்கள். இருக்கிற ஆஃபரைச் சொல்லிப் பேரம் பேசுவதும் சரி. இல்லாத ஆஃபரைச் சொல்வதுதான் பொய். ஒன்றை ஏற்றுக்கொண்ட பிறகு நல்லது வேறொன்று வந்தால், தெரிந்த அன்றே போன் பண்ணிச் சொல்லுங்க. சேரும் நாள் காலையில் போனை அணைத்து வைக்கிறது பாவை அறுத்துவிட்டு ஓடுகிற வேலை. அந்தப் பக்கமும் நம்மளை மாதிரி ஒரு பிள்ளைதான் ஹெச்ஆர் சீட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாமல் முழிச்சுக்கிட்டு இருக்கும்.

பழைய சம்பளத்தைக் கேட்டால்? அதைக் கேட்பதே சரியில்லை என்று உலகம் நகர்ந்துகொண்டிருக்கு. ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, வேலைக்கு வருகிறவரிடம் முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. நியூயார்க் நகரில் 2022 நவம்பரிலிருந்து வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். நம்ம ஊரில் இன்னும் மூன்று மாத பேஸ்லிப் கேட்கிறார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்க, கூடவே, "என் பழைய சம்பளம் சந்தை விலைக்குக் கீழே இருக்கு. இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு, காரணம் இது" என்று சொல்லுங்க. அது வாயில் வராது, பழகணும். கண்ணாடி முன்னாடி பத்து தடவை சொல்லிப் பாருங்க. நான் அப்படித்தான் பழகினேன்.

இரண்டு வேலை பார்க்கலாமா? 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை செய்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னார். அப்போது நாடு முழுக்க விவாதம் ஆனது. என் அளவுகோல் இதுதான்: அந்த வேலையை வெளியே சொல்ல முடியுமா? சனி, ஞாயிறில் கோயிலுக்கு வெப்சைட் செய்து தருவதை மேனேஜரிடம் சொல்லலாம். பகல் பத்து மணிக்கு இரண்டு கம்பெனி மீட்டிங்கில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் நாம ஏற்கெனவே கோடு தாண்டியிருக்கோம்.

இப்போ என் கதைக்கு வருகிறேன். திங்கட்கிழமை அந்த பிடிஎஃப்பை அழித்தேன். ஹெச்ஆருக்கு போன் பண்ணினேன். "மேடம், வேற ஆஃபர் எதுவும் இல்லை. போன தடவை தப்பாச் சொல்லிட்டேன். என் சம்பளம் 6.2. ஆனா நீங்க சொன்ன வேலைக்கு நான் 12 எதிர்பார்க்கிறேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, பேசிட்டுச் சொல்றோம்" என்றார்கள். இரண்டு நாளில் மெயில் வந்தது. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

உண்மை சொன்னதுக்கு முருகன் உடனே அதைவிடப் பெரிய ஆஃபர் கொடுத்தார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அன்னைக்கு ராத்திரி ரூமில் வேல் முன்னாடி உட்கார்ந்து, கோபத்தில் விளக்குகூட ஏற்றாமல் படுத்தேன். பக்தன் என்று சொல்லிக்கொள்கிறவன் அப்படி நடந்துகொண்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம்தான் மேனேஜரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்தேன். ஒரு வருஷத்தில் நான் செய்த வேலை, அதனால் எத்தனை மணி நேரம் மிச்சமாச்சு, ராத்திரி எத்தனை முறை எழுந்து சர்வர் சரிபண்ணினேன் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார். "நாலு வருஷமா நீ இதைக் கேட்டதே இல்லையே? உனக்கு இதுவே திருப்தின்னு நெனச்சுட்டேன்." எனக்குத் தலையில் குட்டின மாதிரி இருந்தது. நாலு வருஷம் வேல் முன்னாடி சொன்னதை, பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லவில்லை. அடுத்த சுற்றில் 7.2 ஆனது. இன்னும் ஒரு வருஷம் இருந்து, ராத்திரி படித்து, உண்மையான நம்பரைச் சொல்லி வேறு இடத்தில் 11-க்குச் சேர்ந்தேன். 90 நாள் நோட்டீஸையும் முழுசாக முடித்து, எனக்கு அடுத்து வந்த பெண்ணுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கடைசி நாள் அப்பாவுக்கு போன் பண்ணி, "பாவு முடிச்சுட்டேன்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பாவு?" என்றார்.

என் ரூம்மேட் என்ன ஆனான்? நன்றாக இருக்கிறான். என்னைவிட அதிகம் வாங்குகிறான். ஓசூரில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். பொய்க் கடிதம் கொடுத்த சிலர் சரிபார்ப்பில் மாட்டி வேலை போன கதைகள் உண்டு. பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே எந்தக் கம்பெனியில் எப்போது வரை இருந்தோம் என்று தெரிந்துவிடும். ஆனால் அவன் மாட்டவில்லை. 'முருகன் ஒருநாள் அவனைப் பார்த்துக்குவார்' என்று நான் இங்கே எழுதினால் அது பக்தி ஆகாது, என் பொறாமை. பொய் சொன்னவன் எல்லாம் கெட்டுப்போவான் என்று சொல்லித்தான் நேர்மையைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்த நேர்மையும் ஒரு வியாபாரம்தான்.

அப்போ நேர்மையாக இருந்து எனக்கு என்ன கிடைத்தது? ரொம்ப யோசித்திருக்கிறேன். ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. என் சம்பளம் என் வேலைக்கான விலை என்று எனக்குத் தெரியும். அதில் பொய் கலந்திருந்தால், எவ்வளவு என் உழைப்புக்கு, எவ்வளவு அந்த பிடிஎஃப்புக்கு என்று என்னால் பிரிக்கவே முடியாது. அப்பா தராசில் நுனி நூலையும் வைத்துவிட்டுக் கூலி கேட்டாரே, அவருடைய குரல் ஏன் இறங்கவில்லை என்று இப்போது புரிகிறது. கையில் ஒன்றும் மறைக்காதவனால்தான் அந்தக் குரலில் கேட்க முடியும்.

கடைசியாகப் பழநிக்கு வருவோம். ஞானப்பழக் கதை எல்லோருக்கும் தெரியும். மயில் ஏறி உலகத்தைச் சுற்றி வந்தவருக்குப் பழம் இல்லை. முருகன் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை மறைக்கவில்லை, அண்ணன்மேல் பழி போடவில்லை, பழத்தைப் பறிக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மையப்பனே பின்னாடி வந்து சமாதானம் சொன்ன பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால், 'கவுன்டர் ஆஃபர்' வந்தும் திரும்பவில்லை! ஆனால் அங்கே போய் எப்படி நின்றார்? கோவணாண்டியாக. பழம் கிடைக்காததால் அவர் குறைந்துபோகவில்லை, அவரே பழம் ஆனார்.

தை மாதம் நம்ம எடப்பாடி பக்கத்து பக்தர்கள் காவடி எடுத்து நடந்தே பழநி போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தில் தறிக்காரர், விவசாயி, கடைக்காரர், ஐடி பையன் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். யாருக்கு எத்தனை லட்சம் என்று அந்த ரோட்டுக்குத் தெரியாது. சம்பளத்தைக் கேட்கும்போது முழு விலையைக் கேளுங்க. ஆனால் அந்த நம்பர்தான் நான் என்று மட்டும் நம்பிவிடாதீங்க. சந்தை ஏறும்போது 12 சொல்லும், இறங்கும்போது 6 சொல்லும். இரண்டு நாளும் நீங்கள் அதே ஆள்தான்.

தம்பிக்கு நான் அனுப்பிய பதிலை இங்கேயும் வைக்கிறேன்.

ஒரு வருஷத்தில் செய்த வேலையை ஒரு பக்கத்தில் எழுது. உன் வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று நாலு பேரிடம் கூச்சப்படாமல் விசாரி, உன் சம்பளத்தையும் அவர்களிடம் சொல். சிடிசி பெரிதாகத் தெரிந்தால் ஏமாறாதே. கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வருமா வராதா என்று தெரியாத வேரியபிள் எல்லாம் அதில் சேர்த்திருப்பார்கள், மாசம் கைக்கு வருவதைக் கேள். ஜாயினிங் போனஸ் என்றால், எத்தனை மாதத்துக்குள் விட்டால் திருப்பித் தரணும் என்று படித்துப் பார். பிறகு மேனேஜரிடம் உட்கார்ந்து கேள். இல்லை என்றால் தேடு, கிடைத்தால் சொல்லிவிட்டுக் கிளம்பு. வெளியூர்தான் வழி என்றும் இல்லை. 2024 செப்டம்பரில் நம்ம கருப்பூர் பக்கம் ஆணைகவுண்டன்பட்டியிலேயே மினி டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். ஊரில் இருந்து வேலை பார்த்தால் வாடகையும் மிச்சம், அம்மா சாப்பாடும் கிடைக்கும், அதையும் கணக்கில் சேர்.

"அப்போ முருகன்கிட்ட என்னதான்ணா கேக்கறது?" என்று மறுபடியும் அனுப்பினான்.

முருகன்கிட்ட தைரியம் கேளு தம்பி. கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறக்கிற தைரியம். எடுக்கக் கூடாத இடத்தில் கை நீளாத தைரியம். சம்பளத்தை மேனேஜர்கிட்டயே கேட்டுக்கலாம்.

தீபாவளி முடிந்து அப்பா முதலாளிக்கு ஞாபகப்படுத்தினாரா என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஞாபகப்படுத்தினார். ஐம்பது சேர்ந்தது. மிச்ச ஐம்பதுக்குப் பொங்கல் முடிந்து போய்க் கேட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

வேலை தேடிக்கொண்டிருக்கிற, ஹைக் வராமல் மனசு நொந்திருக்கிற உங்க நண்பர்கள் யாராவது இருந்தால் இந்தப் பதிவைப் பகிருங்கள். முருகன் துணை.